விரல்நுனித் துளியும் நரம்பு நோயும்

உயிருணரி இரண்டு பகுதிகள் கொண்ட கருவி. ஒரு பகுதி உயிரிலிருந்து வருவது. நொதியமாகவோ பிறபொருளெதிரியாகவோ டிஎன்ஏ இழையாகவோ இருந்து, இரத்தத்தில் கலந்துள்ள ஆயிரக்கணக்கான பொருள்களில் தனக்குரிய ஒன்றை மட்டும் பற்றிக்கொள்வது அதன் வேலை. மற்றப் பகுதி பௌதிகத்தைச் சேர்ந்தது. அந்தப் பற்றுதலை மின்னோட்டமாகவோ நிறக்கோடாகவோ ஒளியாகவோ அது மாற்றிக் காட்டும். நோய் முற்றி அறிகுறி காட்டுமுன் அதன் தடயத்தைப் பிடித்துவிட வேண்டும் என்பதே இக்கருவியிடம் மருத்துவம் எதிர்பார்ப்பது. சில நோய்களில் இது எப்போதோ கைகூடிவிட்டது. நரம்பு, மூளை நோய்களில் அண்மைக்காலத்தில்தான் கைகூடத் தொடங்கியிருக்கிறது. இந்த இடைவெளிக்குப் பெருமளவு காரணம் ஒன்றுதான்: தேடப்படும் பொருள் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரைக் கிராமமான குருக்கள்மடத்தை வைத்துப் பார்த்தால் இந்த இடைவெளி துலக்கமாகத் தெரியும். கிராமம் மட்டக்களப்பு–கல்முனை வீதியில் அமைந்திருக்கிறது. தெற்கே களுவாஞ்சிகுடியில் ஆதார வைத்தியசாலை, வடக்கே மட்டக்களப்பு நகரில் போதனா வைத்தியசாலை. மேற்கே ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்தால் அம்பிளாந்துறை. அதற்கப்பால் படுவான்கரை வயல்கள். சீனி வருத்தம், மாரி மழையோடு வரும் டெங்கு, வயற்காட்டுப் பாம்புக்கடி, இன்னும் ஒழியாத தொழுநோய், வீதி விபத்தில் தலையில் படும் அடி, முதுமையின் மறதி என இப்பகுதியின் நோய்களை அடுக்கினால், உயிருணரித் தொழினுட்பத்தின் எளிய முனையிலிருந்து மிகக் கடினமான முனைவரை அந்த வரிசை நீளும்.

எளிய முனையில் இருப்பது குளுக்கோசு. ஆரோக்கியமான ஒருவரின் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில், காலையில் சாப்பிடுமுன், ஏறத்தாழ 90 மில்லிகிராம் குளுக்கோசு இருக்கும். இரத்தப் பரிசோதனைக் கணக்கில் இது கொட்டிக்கிடக்கும் அளவு. ஆகவே உயிருணரியின் வரலாறும் இங்கேதான் தொடங்கியது. அமெரிக்க உயிரிரசாயனவியலாளர் லீலண்ட் கிளார்க், இரத்தத்தில் உள்ள ஒட்சிசனை அளப்பதற்கான மின்வாயை 1956-இல் அறிமுகப்படுத்தினார். இதய அறுவைச் சிகிச்சையின்போது நோயாளியின் இரத்தத்துக்கு உடலுக்கு வெளியே வைத்து ஒட்சிசன் ஏற்றும் இயந்திரங்களில் அவருக்கு இருந்த ஈடுபாட்டின் விளைவு அது. 1962-இல் சாம்ப் லயன்சுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், அதே மின்வாயின்மேல் குளுக்கோசு ஒட்சிடேசு என்ற நொதியத்தை மெல்லிய சவ்வுக்குள் அடைத்து வைத்தால் அது குளுக்கோசு அளக்கும் கருவியாகிவிடும் என்று காட்டினார். அஸ்பெர்ஜிலசு நைகர் என்ற கரும்பூஞ்சணத்திலிருந்து எடுக்கப்படும் அந்த நொதியம், குளுக்கோசை ஒட்சியேற்றும்போது ஒட்சிசனைச் செலவழித்து ஐதரசன் பேரொட்சைட்டை உண்டாக்கும். எவ்வளவு ஒட்சிசன் குறைந்தது என்று பார்த்தால் எவ்வளவு குளுக்கோசு இருந்தது என்பது தெரிந்துவிடும். 1975-இல் யெலோ ஸ்பிரிங்ஸ் நிறுவனம் இந்தக் கொள்கையில் இயங்கும் ஆய்வுகூடக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஆய்வுகூடத்திலிருந்து அது வீட்டுக்கு வர இன்னொரு மாற்றம் தேவைப்பட்டது. இரத்தத்தின் ஒட்சிசன் அளவு ஆளுக்காள், நேரத்துக்கு நேரம் மாறக்கூடியது. அதை நம்பிக் குளுக்கோசைக் கணக்கிட்டால் பிழை வரும். 1984-இல் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒட்சிசனின் இடத்தில் ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்வையை வைத்தார்கள். நொதியம் குளுக்கோசிடமிருந்து பறித்த இலத்திரன்களை ஃபெரோசீன் வாங்கி நேரே மின்வாயிடம் ஒப்படைத்தது. 1987-இல் பேனா அளவிலான குளுக்கோசுமானி சந்தைக்கு வந்தது. இன்று பார்மசியில் விற்கும் பட்டிகளில் பெரும்பாலானவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

அப்படியொரு பட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் அதன் கட்டமைப்பு வெறுங்கண்ணுக்கே தெரியும். பிளாஸ்டிக் துண்டின் ஒரு முனையில் மானியின் பற்களோடு பொருந்தும் இரண்டு மூன்று கடத்திக் கோடுகள்; மறுமுனையின் விளிம்பில் மயிரிழைச் சந்து ஒன்று. விரலைக் குத்தி, திரண்ட துளியை அந்த விளிம்பில் தொட்டதும் சந்து அதைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மைக்ரோலீற்றருக்கும் குறைவான இரத்தமே உள்ளே போகிறது. அங்கே காய்ந்துகிடந்த நொதியமும் கடத்திப் பொருளும் கரைந்து வேலை தொடங்க, சில விநாடிகளில் எண் வந்துவிடும். துளியைப் பட்டியின்மேல் தேய்ப்பதும் பற்றாதென்று இரண்டாவது துளி சேர்ப்பதும் பல வீடுகளில் நடப்பவை. இரண்டும் அளவைக் கெடுக்கும்.

பட்டிக்குப் பெரிய பகை ஈரம். அதன் குப்பிக்குள் உலர்த்திப்பொருள் இருப்பதும், மூடியை உடனே இறுக மூடு என்றும் 30 பாகை செல்சியசுக்கு மேல் வைக்காதே என்றும் குப்பியில் அச்சிடுவதும் இதனால்தான். ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாக, பகல் வெப்பம் அடிக்கடி 30 பாகையைத் தாண்டும் நிலத்தில் இந்த அறிவுறுத்தலைக் கடைப்பிடிப்பது அதை எழுதியவர் நினைத்த அளவுக்கு எளிதல்ல. கைகழுவாத விரல் இன்னொரு சிக்கல். பழம் உரித்த கையோடு விரலைக் குத்திப் பார்த்தால் சீனி பொய்யாக ஏறிக் காட்டும் என்பதையும், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் அது முழுதாக நீங்காது, தண்ணீரில் கழுவினால்தான் போகும் என்பதையும் ஜப்பானிய ஆய்வு ஒன்று 2011-இல் காட்டியது. இரத்தச்சோகை உள்ளவரிலும் பல மானிகள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். 2013-ஆம் ஆண்டின் சர்வதேசத் தரநிர்ணயமே, 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் 15 விழுக்காடு ஏற்ற இறக்கத்தை ஏற்றுக்கொள்கிறது. மானியில் வரும் 180 என்ற எண் ஆய்வுகூடத்தில் 160 ஆகவும் இருக்கலாம், 200 ஆகவும் இருக்கலாம்.

நொதியத் தெரிவு உயிரையே எடுத்த கதையும் உண்டு. ஒருவகைப் பட்டிகளில் ஒட்சிடேசுக்குப் பதிலாகக் குளுக்கோசு டிஐதரசனேசு நொதியத்தின் ஒரு வடிவம் பயன்பட்டது. அது குளுக்கோசையும் மோல்ட்டோசையும் பிரித்தறியாது. சிறுநீரகம் செயலிழந்து, ஐக்கோடெக்ஸ்ட்ரின் கலந்த திரவத்தால் வயிற்றறைவழி இரத்தச் சுத்திகரிப்புப் பெற்றவர்களின் இரத்தத்தில் மோல்ட்டோசு சேரும். மானி அதையும் குளுக்கோசாக எண்ணிக் கூட்டிக் காட்டியது. இன்சுலின் கூட்டி ஏற்றப்பட்டது. நோயாளி மயங்கி விழுந்தார். இத்தகைய 13 மரணங்களைச் சுட்டி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-இல் எச்சரிக்கை விடுத்தது. உயிருணரி ஒன்றை மதிப்பிடும்போது அது எதைப் பிடிக்கிறது என்று கேட்டால் மட்டும் போதாது. எதையெல்லாம் தவறுதலாகப் பிடிக்கும் என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

இத்தனை குறை இருந்தும் இந்தச் சின்னக் கருவிக்கு ஈடாக வேறொன்று இல்லை. 2018–2019-இல் இலங்கை முழுவதும் எடுக்கப்பட்ட ஆய்வொன்று, வயதுவந்தோரில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. அதில் கணிசமானோர் தமக்கு நோய் இருப்பதை அறியாதவர்கள். பட்டியால் காட்ட முடியாத மூன்றுமாதச் சராசரியையும், சிறுநீரில் கசியும் அல்புமினையும் அதே போன்ற கைக்கருவியில் அளக்கும் முயற்சிகள் நடக்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நவகாந்த பட் குழுவினரின் ஆய்விலிருந்து பிறந்த பாத்சோத் நிறுவனத்தின் கருவி அவற்றுள் ஒன்று.

குளுக்கோசுமானி நரம்பியல் நோயறிதலிலும் முதல் கருவி என்பது அதிகம் பேசப்படுவதில்லை. மூளை தன் எரிபொருளுக்குக் குளுக்கோசையே பெரிதும் நம்பியிருக்கிறது. சீனி அளவு மிகத் தாழ்ந்தால் வாய் குழறும், ஒரு பக்கக் கைகால் சோரும், வலிப்பு வரும், நினைவு தப்பும். பார்ப்பவர்கள் பாரிசவாதம் என்றே எண்ணிவிடுவார்கள். பாரிசவாதத்துக்கு இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றுமுன் எல்லா நோயாளரிலும் முடிவு தெரிந்தே ஆகவேண்டிய ஒரே இரத்தப் பரிசோதனையாக அமெரிக்க வழிகாட்டல்கள் குறிப்பிடுவது குளுக்கோசைத்தான். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டு நேரத்துக்குச் சாப்பிடாத வயோதிபர் ஒருவர் விடியற்காலையில் பேச்சின்றிக் கிடந்தால், பாரிசவாதமா, சீனி இறங்கியதா என்ற கேள்வியை வீட்டிலிருக்கும் மானி ஐந்து விநாடியில் பெரும்பாலும் தீர்த்துவிடும். மூளையின் புரதங்களைத் தேடும் விலையுயர்ந்த கருவிகளில் எதுவும் இவ்வளவு விரைவாக ஒரு நரம்பியல் ஐயத்தைத் தீர்ப்பதில்லை.

அடுத்த படி பிறபொருளெதிரிப் பட்டி. கர்ப்பம் பார்க்கும் பட்டியாக 1988-இல் பரவலான இவ்வகை, கொவிட் காலத்தில் எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது. மட்டக்களப்பில் இதன் முக்கிய வேலை டெங்கு. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து தண்ணீர் தேங்கும் மாதங்களில் நுளம்பு பெருகி, காய்ச்சற்காரர் தொகை ஏறும். டெங்கு வைரசு உடலுக்குள் பெருகும்போது என்எஸ்1 என்ற புரதத்தை இரத்தத்தில் கொட்டுகிறது. பட்டியில் இட்ட துளி கடதாசியூடே ஊர்ந்து போகும் வழியில், சிவப்பாகத் தெரியும் நுண் பொன்துணிக்கைகள் ஒட்டிய பிறபொருளெதிரிகள் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. சற்று அப்பால் கோடாகப் பதித்துவைத்த இன்னொரு பிறபொருளெதிரி அவற்றை மறித்துப் பிடிக்க, செந்நிறக் கோடு தோன்றுகிறது. மின்சாரமோ மானியோ தேவையில்லை.

காய்ச்சல் வந்த முதல் நாளிலேயே என்எஸ்1 தெரியக்கூடும் என்பது இதன் வலிமை. பிறபொருளெதிரி தேடும் பழைய பரிசோதனைகள் ஐந்தாம் நாள்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் டெங்கு ஏற்கெனவே ஒருமுறை வந்து போனவருக்கு இரண்டாம் முறை வரும்போது, உடலில் தயாராக இருக்கும் பிறபொருளெதிரிகள் என்எஸ்1-ஐ மூடிக்கொள்வதால் பட்டி அதைத் தவறவிடும் வாய்ப்புக் கூடுகிறது. உயிராபத்து கூடுதலாக இருப்பதும் இரண்டாம் தொற்றில்தான். ஆகவே கோடு வரவில்லை என்பதை வைத்து டெங்கு இல்லை என்று வீட்டுக்கு அனுப்ப முடியாது. மூன்றாம் நாளிலிருந்து இரத்தக் கலங்களின் எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் வழக்கத்தை எந்தப் பட்டியாலும் விலக்க முடியவில்லை. சந்தேகத்துக்குரிய நோயாளர் தொகை 1,86,000-ஐத் தாண்டிய 2017-ஆம் ஆண்டில் இலங்கையின் விடுதிகளை நிரப்பிய வேலை அதுதான்.

நரம்பை நேரே தாக்கும் நோய்களில் படுவான்கரைக்கு மிக நெருக்கமானது பாம்புக்கடி. 2016-இல் வெளியான தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 30,000 பேருக்கே விசம் ஏறுகிறது. மற்றவை விசம் இறங்காத கடியாகவோ விசமற்ற பாம்பின் கடியாகவோ இருக்கும். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் பாய்போட்டுத் தூங்குபவரைக் கடிக்கும். கடிவாயில் வீக்கமோ வலியோ பெரிதாக இராது. சில மணி நேரத்தில் கண்ணிமை தாழ்ந்து, விழுங்க முடியாமல் போய், கடைசியில் சுவாசத் தசைகள் நின்றுவிடும். அதன் விசத்தில் உள்ள பீற்றா-பங்காரோநஞ்சு ஒரு பொஸ்போலிப்பேசு ஏ2 நொதியம். நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்தில், அசற்றைல்கோலின் நிரம்பிய நுண்பைகளைக் கொண்ட நரம்பு முனையையே அது அழித்துவிடுகிறது. அழிந்தபின் ஏற்றும் விசமுறி மருந்து அந்த முனையை மீட்காது. முனை புதிதாக வளரும்வரை நோயாளியை இயந்திரச் சுவாசத்தில் வைத்திருக்க வேண்டும். கட்டுவிரியன் கடி பற்றி இலங்கை ஆய்வாளர் அஞ்சன சில்வா குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது.

அப்படியானால் கடிபட்டு வரும் எல்லாருக்கும் உடனே மருந்தை ஏற்றிவிடலாமே என்று தோன்றும். குதிரை இரத்தத்திலிருந்து செய்யப்படும் அம்மருந்துக்குக் கடும் ஒவ்வாமை வருவது இலங்கையில் வழமை. சிலருக்கு அது உயிராபத்தாகவும் முடியும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு எதிராக இந்தியாவில் தயாராகும் அந்த மருந்து, இலங்கையில் அடிக்கடி கடிக்கும் கூர்மூக்கு விரியனுக்குப் பயன்படுவதுமில்லை. அறிகுறி வருமுன்பே, விசம் ஏறியிருக்கிறதா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும். இன்றுள்ள வழி மிகப் பழையது: ஒரு கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று சரித்துப் பார்ப்பது. இரத்தத்தைத் தாக்கும் கண்ணாடி விரியனுக்கு இது ஓரளவு உதவும். நரம்பைத் தாக்கும் கட்டுவிரியனுக்கு உதவாது. அங்கே இரத்தம் வழமைபோல் உறைந்துவிடும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கலன மதுவகே, அவுஸ்திரேலியாவின் ஜெஃப்ரி இஸ்பிஸ்ரர் முதலியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. கடிபட்டு வைத்தியசாலைக்கு வந்தவர்களின் இரத்தத்தில், பொஸ்போலிப்பேசு ஏ2 நொதியத்தின் செயற்பாட்டை நிறமாற்றத்தால் அளந்தார்கள். இலங்கையின் கண்ணாடி விரியன், கூர்மூக்கு விரியன், நாகம், கட்டுவிரியன் உட்படப் பல பாம்புகளின் விசம் ஏறியவர்களை ஏறாதவர்களிடமிருந்து அது நன்றாகவே பிரித்துக் காட்டியது. குளுக்கோசுப் பட்டியில் நொதியம் தேடும் கருவி. இங்கே நொதியமே தேடப்படும் பொருள். எந்தப் பாம்பு என்பதை இந்த முறை சொல்லாது. கடும் தொற்று, கணைய அழற்சி போன்றவற்றிலும் அந்நொதியம் கூடலாம். அளவிட ஆய்வுகூட ஒளிமானியும் வேண்டும். அதைக் கட்டிலருகே வைத்துப் பார்க்கும் பட்டியாக்குவதில் அறிவியல் தடையைவிடச் சந்தைத் தடையே பெரிது என்று தோன்றுகிறது. ஏழை விவசாயிகளைக் கடிக்கும் பாம்புக்குப் பெரிய நிறுவனங்களின் முதலீடு வருவது அரிது. அவுஸ்திரேலியாவிலோ பாம்பின் இனத்தொகுதியை விசத்திலிருந்தே கண்டறியும் பிறபொருளெதிரிப் பெட்டி பல தசாப்தங்களாகப் பாவனையில் இருந்து வந்திருக்கிறது.

தொழுநோய் மெதுவாக வேலைசெய்யும் நரம்பு நோய். மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவில் தொழுநோயாளரைத் தனிமைப்படுத்தி வைத்த வைத்தியசாலை இப்பகுதியின் நினைவில் ஆழப் பதிந்தது. 1995-இல் இலங்கை, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற தேசிய இலக்கை எட்டியது. ஆனால் புதிய நோயாளர் வருவது நிற்கவில்லை. மட்டக்களப்பு மாவட்டம் இன்றும் கூடுதலாகக் கவனிக்கப்படும் மாவட்டங்களுள் ஒன்று. தொற்றியபின் அறிகுறி வெளிப்பட ஐந்தாண்டு ஆகலாம், இருபதாண்டும் ஆகலாம். பற்றீரியம் தோலையும், முழங்கை, முழங்கால் போன்ற குளிர்ந்த இடங்களில் ஓடும் நரம்புகளையும் நாடுகிறது. சூடு குளிர் தெரியாமற்போவதுதான் பெரும்பாலும் முதல் இழப்பு. அடுப்படியில் கை சுட்டும் தெரியாது. வலையின் நைலோன் கயிறு விரலை அறுத்தும் தெரியாது.

இந்த நோய்க்குரிய உயிருணரி, பற்றீரியத்தின் மேற்பூச்சிலுள்ள பிஜிஎல்-1 என்ற கொழுப்புப் பொருளுக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியைத் தேடுகிறது. 2003-ஐ ஒட்டி அது கடதாசிப் பட்டியாக வந்தது. பிரேசில் தன் பொதுச் சுகாதாரத் திட்டத்தில், நோயாளியோடு வாழும் குடும்பத்தாரைப் பரிசோதிக்க இத்தகைய பட்டியைச் சேர்த்திருக்கிறது. ஆனால் பற்றீரியம் மிகுந்த வகை நோயாளரில் பெரும்பாலும் தென்படும் அந்தப் பிறபொருளெதிரி, பற்றீரியம் குறைந்த வகையில் பெரும்பாலும் தென்படுவதில்லை. எனவே நரம்பின் நிலையறிய இன்றும் நம்பப்படுவது நைலோன் இழைகளே. 0.05 கிராம் விசையில் வளைவதிலிருந்து 300 கிராம் விசையில் வளைவதுவரை, தடிப்பு வேறுபட்ட இழைகள் வண்ணக் கைப்பிடிகளில் பொருத்தப்பட்டிருக்கும். நோயாளி கண்ணை மூடியிருக்க, இழையைத் தோலில் வைத்து அது வளையும்வரை அழுத்தி, படுகிறதா என்று கேட்பார்கள். உள்ளங்கையில் 0.2 கிராம் இழையையும் உள்ளங்காலில் 2 கிராம் இழையையும் உணரவில்லை என்றால் நரம்பு கெடத் தொடங்கிவிட்டது என்று கணக்கு. இங்கே உணரி நோயாளியின் தோல்தான். பட்டரியே வேண்டாத இந்தக் கருவியை மிஞ்சும் இரத்தப் பரிசோதனை நரம்பிழப்புக்கு இன்னும் வரவில்லை.

கடினமான முனையில் இருப்பது மூளை. அதன் மின்னலைகளை ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் 1924-இலேயே பதிந்தார், 1929-இல் வெளியிட்டார். வலிப்பு நோய்க்கு இன்றும் அந்தப் பதிவே ஆதாரம். ஆனால் மூளைக் கலங்கள் சிதைவதை மின்னலை முன்கூட்டிக் காட்டுவதில்லை. அதற்கு அவை சிந்தும் புரதங்களைத் தேட வேண்டும். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அவற்றை எளிதில் வெளியே விடுவதில்லை. நரம்பிழை சிதையும்போது வெளிப்படும் நியூரோஃபிலமென்ற் இலேசு சங்கிலிப் புரதம், மூளைமுண்ணாண் பாய்பொருளில் இருப்பதைவிட இரத்தத்தில் பல பத்து மடங்கு குறைவு. ஒரு மில்லிலீற்றரில் பத்துப் பிக்கோகிராம் என்ற வரிசையில் அது நிற்கிறது. நிறைக்கு நிறை ஒப்பிட்டால், அதே துளியில் உள்ள குளுக்கோசில் ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒரு பங்கு.

இந்த அளவைத் தொட வழிசெய்தது, அமெரிக்காவில் டேவிட் வால்ட் குழுவினர் 2010-இல் வெளியிட்ட தனி மூலக்கூறு எண்ணும் முறை. பிறபொருளெதிரி பூசிய நுண்மணிகளை இரத்த மாதிரியில் கலக்கிறார்கள். மணிகள் அளவுக்கு மிஞ்சி இருப்பதால் ஒரு மணியில் ஒரு புரத மூலக்கூறு ஒட்டும், அல்லது ஒன்றும் ஒட்டாது. பிறகு மணிக்கொரு குழியாக ஆயிரக்கணக்கான நுண்குழிகளில் அவற்றை இறக்கி, எத்தனை குழி ஒளிர்கிறது என்று எண்ணுகிறார்கள். பழைய முறை ஒட்டுமொத்த ஒளியின் செறிவை அளந்தது. அதில் சில மூலக்கூறுகளின் ஒளி கரைந்துபோகும். இது விளக்கெரியும் வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணுவதைப் போன்றது.

இந்தப் பாதையில் மிகத் தொலைவு சென்றிருப்பது அல்சைமர் மறதி நோய். மூளையில் படியும் அமிலொயிட்டையும் சிக்குண்ட டாவ் புரதத்தையும் காண முன்பு பெட் ஸ்கானோ முதுகில் ஊசி குத்தி எடுக்கும் பாய்பொருளோ வேண்டியிருந்தது. 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், பி-டாவ்217 புரதத்துக்கும் அமிலொயிட்டுக்கும் உள்ள விகிதத்தை இரத்தத்தில் அளக்கும் லூமிபல்ஸ் பரிசோதனைக்கு முதன்முறையாக அனுமதி கொடுத்தது. 499 பேரில் செய்த மதிப்பீட்டில், நேர் முடிவு வந்தவர்களில் 91.7 விழுக்காட்டினருக்கு மூளையில் அமிலொயிட்டு இருந்தது. எதிர் முடிவு வந்தவர்களில் 97.3 விழுக்காட்டினருக்கு இல்லை. 20 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவானோரில் முடிவு இரண்டுங்கெட்டதாக வந்தது. அனுமதியிலுள்ள நிபந்தனை கவனிக்கத்தக்கது: 55 வயதோ அதற்கு மேலோ ஆகி, மறதி அறிகுறியோடு சிறப்பு மருத்துவரிடம் வந்தவர்களுக்கு மட்டும்.

அந்த நிபந்தனைக்குக் காரணம் எளிய கணக்கு. நோயுள்ளவரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைப் பிடித்து, நோயற்றவரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாக விடுவிக்கும் பரிசோதனை ஒன்று இருப்பதாகக் கொள்ளலாம். மறதி கிளினிக்குக்கு வரும் ஆயிரம் பேரில் ஐந்நூறு பேருக்கு நோய் இருந்தால், நேர் முடிவு வரும் ஐந்நூறு பேரில் 450 பேர் உண்மையான நோயாளிகள். அதே பரிசோதனையை ஊருக்குள் கொண்டுபோய், ஆயிரத்தில் இருபது பேருக்கே நோய் உள்ள இடத்தில் எல்லாருக்கும் செய்தால், நேர் முடிவு வரும் 116 பேரில் 18 பேருக்குத்தான் நோய். 98 பேருக்கு வீண் பயம். கருவி மாறவில்லை, துல்லியம் மாறவில்லை. பரிசோதிக்கப்பட்ட கூட்டம் மாறியது. முகாம் போட்டு ஊர்முழுக்க இலவசமாகப் பரிசோதிக்கும் ஆர்வம் சீனி விடயத்தில் நியாயமானது. சீனி வருத்தம் மலிந்தது, உறுதிப்படுத்தும் இரண்டாம் பரிசோதனை மலிவானது, மருந்தும் உண்டு. மறதி நோயில் இந்த மூன்றும் இன்று அப்படி இல்லை.

பார்க்கின்சன் நோயில் ஆல்பா-சினியூக்ளின் என்ற புரதத்தின் பிறழ்ந்த விதையைச் சோதனைக் குழாயில் பெருக்கிக் கண்டறியும் முறை 2023-இல் 1,100-க்கும் மேற்பட்டவர்களில் மதிப்பிடப்பட்டது. நோயாளரில் ஏறத்தாழ 88 விழுக்காட்டினரை அது இனங்கண்டது. ஆனால் அதற்கு இன்னும் முண்ணாண் பாய்பொருள் வேண்டும். தலையில் அடிபட்டவர்களுக்கான பரிசோதனை இதைவிட நடைமுறைக்கு நெருங்கியது. மூளைத் தாங்கு கலங்களிலிருந்தும் நரம்புக் கலங்களிலிருந்தும் சிந்தும் ஜிஎஃப்ஏபி, யூசிஎச்-எல்1 என்ற இரு புரதங்களைத் தேடும் பரிசோதனைக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2024-இல் அதுவே கட்டிலருகே முழு இரத்தத்தில் பதினைந்து நிமிடத்தில் பார்க்கும் கைக்கருவியாகியது. அடிபட்ட 24 மணிநேரத்துக்குள் பார்த்து, இரண்டும் குறைவாக இருந்தால் சி.ரி. ஸ்கான் தேவைப்படாது என்று முடிவெடுக்க அது உதவுகிறது. ஸ்கான் இயந்திரம் அருகில் உள்ள நகரத்தைவிட, நோயாளியை ஏற்றி அனுப்புவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய வேண்டிய கிராமப்புற வைத்தியசாலைக்கே இதன் பெறுமதி அதிகம். ஆனால் அதன் விலை அந்த வைத்தியசாலையை மனதில் வைத்து நிர்ணயிக்கப்பட்டதல்ல.

இயந்திரத்தை ஊருக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் துளியை இயந்திரத்துக்கு அனுப்பலாம். இதற்கு இலங்கையில் முன்மாதிரி உண்டு. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத்தை வடிதாள் அட்டையில் உலர்த்தி அனுப்பி, தைரொயிட்டுக் குறைபாட்டைக் கண்டறியும் திட்டம் தென்மாகாணத்தில் தொடங்கி ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. அக்குறைபாடு கவனிக்கப்படாவிட்டால் மூளை வளர்ச்சி நிரந்தரமாகக் குன்றும். முதல் வாரங்களிலேயே கண்டுபிடித்தால் மலிவான தைரொக்சின் மாத்திரை அதைத் தடுத்துவிடும். நரம்பியல் நோயை அறிகுறிக்கு முன்னரே பிடிப்பதில் உலகம் பெற்ற முழு வெற்றி என்று சொல்லத்தக்கது இதுதான்.

உலர்ந்த துளிக்குக் குளிரூட்டியோ, மையநீக்கியோ, பனிப்பெட்டியோ வேண்டாம். இதே அட்டையில் விரல்நுனி இரத்தத்தை உலர்த்தி, பி-டாவ்217, நியூரோஃபிலமென்ற் முதலியவற்றை அளக்கும் ஆய்வுகளை ஐரோப்பியக் குழுக்கள் நடத்திவருகின்றன. நாளத்திலிருந்து எடுத்துப் பிரித்த திரவவிழையத்தின் அளவோடு அட்டையின் அளவு பெரிதும் ஒத்துப்போகிறது. ஆனால் முழுமையாக ஒத்துப்போவதில்லை. துளியின் பருமன், சிவப்புக் கலங்களின் விகிதம், உலரும் இடத்தின் ஈரப்பதன் ஆகியவை அளவைப் புரட்டக்கூடியவை. இப்போதைக்கு அது பெருந்தொகையானோரை ஒப்பிடும் ஆய்வுகளுக்குப் பயன்படுகிறது. தனி ஒருவருக்கு நோய் உண்டா இல்லையா என்று சொல்லுவதற்கு அல்ல.